மேகலாவுக்குக் காய்ச்சல்

வருகைப் பதிவில் நான் முப்பத்தொன்று.
முத்திருளாயி என்று படித்ததும்
இரண்டாம் பெஞ்சில் யாரோ மூக்கால் சிரிப்பார்கள்.
'ப்ரெசென்ட் சார்' தொண்டைவரை வரும்.
வந்து, அங்கேயே உட்கார்ந்து குளிர்காயும்.
சார் நிமிராமல் முப்பத்திரண்டுக்குப் போய்விடுவார்.
ஆகஸ்டில் மட்டும் பதினொரு நாள்
வந்தும் வராதவள் நான்.

வாலிநோக்கம் உப்பளத்தில்
வெயில் தரையிலிருந்தும் அடிக்கும்.
கண்ணைச் சுருக்கியே வளர்ந்தவளுக்கு
ஊட்டியில்
பார்க்க ஒன்றுமே இல்லாத காலைகள் பிடித்திருந்தன.
விடுதியிலிருந்து வகுப்புக்கு எழுபத்தாறு படி.
பனி இறங்கியிருந்தால்
எதிரே வருபவர்களுக்கு நான் ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான்.
(திபெத்துக் கடையில் பேரம் பேச வாய் வராமல்
சொன்ன விலைக்கே வாங்கியது.
கை நீளம்; விரல்களும் ஒளிந்துகொள்ளலாம்.)

சனிக்கிழமை எட்டு மணிக்கு அம்மா.
சாப்பாடு முடிந்து, குளிர் முடிந்து,
"கூட்டாளி யாரும் அம்புட்டாகளா?"
சன்னலில் மேகம் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.
"ம்... மேகலா" என்றேன்.

அம்மா சிரித்த சத்தத்தில்
திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மேகலாவுக்குக் குன்னூர்.
மேகலாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது.
மேகலா தூக்கத்தில் கணக்குப் போடுவாள்.
வாரத்துக்கு ஒரு வரி சேர்த்துச் சேர்த்து
அவளுக்கு என்னைவிட நிறைய இருந்தது.
சொல்ல ஏதுமில்லாத ஒரு சனிக்கிழமை
அவளுக்குக் காய்ச்சல் வரவைத்தேன்.

புதன்கிழமை பார்சல் வந்தது.
உப்புச் சாக்கின் துணியில் தைத்து,
பக்கத்து வீட்டுப் பையனின் கையெழுத்தில்
என் பெயருக்குக் கீழே, 'மேகலாவுக்கு'.
உள்ளே சுக்கு,
ஓலைக்கொட்டானில் நாலு கருப்பட்டி,
கால் கிலோ மிளகு. நூறு கிராம் போதாதா அம்மா?
நீ தினக்கூலிக்குப் போகிறவள்.

கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
இந்த ஊர் ஈரத்துக்குக் கருப்பட்டி தாங்காது.
மூன்றாம் நாள் அது வியர்த்தது.
நான்காம் நாள் பழுப்பாய் ஒரு கோடு
என் கட்டிலிலிருந்து புறப்பட்டு
ஓவேலிக்காரி சுகந்தினியின் கட்டிலைப் போய்த் தொட்டது,
பின்னால் ஓர் எறும்பு வரிசையோடு.

இரண்டு மாதமாக ஒரே அறை.
அவளிடம் நான் பேசியிருந்த வார்த்தைகள்:
லைட், சாவி, ஆமா.

குனிந்து இழுத்தாள். துணியைப் படித்தாள்.
"யாரு மேகலா?"

பொய் ஒன்றுமே கைக்கு வரவில்லை.
"இன்னும் வரலை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
ஆறுதலும் சொல்லவில்லை.
ஒரு முனையைக் கடித்து உடைத்து,
"வரட்டும், அதுக்குள்ள எறும்பு தின்னுரும்" என்று
மெஸ்ஸிலிருந்து வெந்நீர் கடன் வாங்கி வந்தாள்.
சுக்கைப் பூட்டால் நசுக்கினோம்.
அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர்
வாசனை பிடித்துத் தம்ளரோடு வந்தார்கள்.
அவர்களே பேசினார்கள்.
நான் ஊற்றினேன்.
கை நிரம்ப வேலை இருந்தால்
வாயை யாரும் தேடுவதில்லை என்று
அன்றைக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை எட்டு மணி.
"அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கு? போனக் குடு."

என் கை நீட்டியதா, அவள் பிடுங்கினாளா,
இன்றுவரை எங்களுக்குள் தகராறு.
"ஆமாம்மா, மேகலாதான்.
காய்ச்சல் விட்டிருச்சு.
மிளகு மட்டும் அடுத்த தடவ கொஞ்சமா அனுப்புங்க.
கத்தரிக்காயா? நல்லாச் சாப்பிடுவேனே..."
நான் காற்றில் கைகளை ஆட்டு ஆட்டென்று ஆட்ட,
"...இல்ல இல்ல, ஆகாது. சுத்தமா ஆகாது."

வகுப்பில் இன்னும் கடைசி பெஞ்ச்தான்.
முப்பத்தொன்று வரும்போது
இன்னும் நெஞ்சு படபடக்கிறது.
சில நாள் சத்தம் வருகிறது, சில நாள் இல்லை.
வராத நாளில்
பின்னாலிருந்து ஒரு ஓவேலிக் குரல்
"சார், அவ இருக்கா" என்கிறது.

மெஸ்ஸில் கத்தரிக்காய் போடும் வியாழக்கிழமைகளில்
சுகந்தினி தன் பங்கை என் தட்டில் தள்ளுகிறாள்.
உண்மையிலேயே பிடிக்காமல் போய்விட்டதாம்.